ஓல்பன் ஆருடைய பிள்ளை?

உ
சிவமயம்

ஸ்ட்ரெதம்,
25.07.2025, வெள்ளி

அன்புள்ள மருமகள் லக்‌ஷிகா அறிவது,

கடந்த செவ்வாய்க்கிழமை, பிள்ளை பிறந்த தீட்டு நீங்குகிற முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்கு வால்தம்ஸ்டோவில் உங்கள் வீட்டில் நின்றவர்கள்: நான், என் தங்கை தயாளினி, மகன் பிரியந்தன், நீர், ஐயர், உங்களுக்குக் கீழ்வீட்டில் இருக்கிற மிஸிஸ் ஹோல்டன் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி, பிள்ளை. பிள்ளையோடு ஏழு பேர். எட்டாவது ஆள் இல்லை. அன்றைக்கே கொப்பியில் எழுதிவிட்டேன். நாளைக்கு ஒருவர் வந்து, "அப்படி ஒன்றும் நடக்கவில்லை, நீங்கள்தான் பிழையாக விளங்கிக்கொண்டீர்கள்" என்று சொல்லக் கூடாது. அதற்காகத்தான் முதலில் ஆட்களை எண்ணினேன்.

நான் நலம். துடக்குக் கழிந்த முதல் வெள்ளி என்பதால் 57ஆம் பஸ் பிடித்து விம்பிள்டன் பிள்ளையாரிடம் போய் வந்த கையோடு எழுதுகிறேன். நீரும் பிள்ளையும் சுகமாயிருக்க வேண்டும். பத்தியத் தூள் முடிந்திருந்தால் சொல்லும், இன்னும் ஒரு போத்தல் இடித்து வைத்திருக்கிறேன். நேற்று ஆடி அமாவாசை. பிரியந்தன் தகப்பனுக்கு விரதம் பிடித்தானோ, இல்லை வேலைக்குப் போன இடத்தில் எதையாவது சாப்பிட்டுவிட்டானோ, எனக்குத் தெரியாது. கேட்டால் "ஓம் அம்மா" என்பான். அவன் எல்லாவற்றுக்கும் ஓம்தான்.

ஏன் கடிதம் என்று யோசிப்பீர். புதன்கிழமை அவன் போன் எடுத்து, "அம்மா, லக்‌ஷிகாவுக்குப் போன் எடுத்துக் கேள்வி கேட்டுக் கரைச்சல் குடுக்காதேங்கோ, அவள் பச்சை உடம்புக்காரி" என்றான். சரி என்றேன். போன் எடுக்க மாட்டேன் என்றுதான் சொன்னேன். முத்திரை ஒட்ட மாட்டேன் என்று சொல்லவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

பிள்ளை பிறந்தது ஜூன் 22, விடியற்காலை நாலு பத்துக்கு. நட்சத்திரம் பரணி. பரணிக்கு அதிதேவதை யமன். அதனால் பெயரில் கவனமாயிருக்க வேண்டும் என்று லி, லு, லே, லோவில் பதினான்கு பெயர் எழுதி, எண் கூட்டிப் பார்த்து, அதில் லோகிதன் என்பதன் கீழே சிவப்புக் கோடு போட்டு அனுப்பினேன். கிடைத்தது என்று நீரே பதில் போட்டீர். செவ்வாய்க்கிழமை ஐயர் புண்ணியாகம் முடித்து, "பேர் சொல்லுறவ முன்னுக்கு வாங்கோ" என்றார். நான் சேலையைச் செருகிக்கொண்டு எழும்பினேன். நீர் என்ன சொன்னீர்? "மாமி, நீங்கள் இருங்கோ. மிஸிஸ் ஹோல்டன் சொல்லுவா."

அந்த மனுசி, அந்த வெக்கையிலும் நீலக் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு வந்து, பிள்ளையை மடியில் வாங்கி, காதில் மூன்று தரம் சொன்னார். ஓல்பன். ஓல்பன். ஓல்பன். ஐயர் என்னைப் பார்த்தார். நான் பிரியந்தனைப் பார்த்தேன். அவன் கார்ப்பெட்டைப் பார்த்தான்.

அதோடு முடிந்திருந்தால், இந்தக் காலத்துப் பிள்ளைகள், பக்கத்து வீட்டு மனுசியைச் சந்தோஷப்படுத்துகிறார்கள் என்று விட்டிருப்பேன். ஆனால் தயாளினி பிள்ளையின் கன்னத்தைத் தடவி, "தாயை உரிச்சுப் படைச்சிருக்கு" என்றபோது, நீர் "தாய் நானில்லை, சின்ன மாமி" என்றீர். தயாளினி சிரித்தாள். "நித்திரை இல்லாமல் இவளுக்கு அறளை பெயர்ந்து, என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை" என்றாள். நான் சிரிக்கவில்லை. உம்முடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது பகிடி விட்ட முகம் இல்லை.

இன்னொன்று. விளக்குக்கு எண்ணெய் விடப் போனபோது, சாமித் தட்டில் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் ஒரு ஜாம் போத்தல் கண்டேன். வாய் சிவப்பு நூலால் கட்டியிருந்தது. உள்ளே மண் நிறத்தில் செதில் செதிலாக ஏதோ. திருநீறு இல்லை, நெல் இல்லை, பொரி இல்லை. சேர்ச்சில் நாக்கில் வைக்கிற அப்பம் இப்படித்தான் மெல்லிசாக இருக்குமாம். தயாளினி சொல்கிறாள்.

மருமகள், நான் நேராகவே கேட்கிறேன். பிள்ளையைக் கிறிஸ்தவ வேதத்துக்கு மாற்றிவிட்டீர்களா? ஆர் இந்த ஓல்பன்? இந்த நாட்டில் பிறந்து நாற்பத்திரண்டு நாளுக்குள் பெயர் பதிந்தால் போதும். ஓகஸ்ட் 3 வரை நாள் இருக்கிறது. இன்னும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

இப்படிக்கு,
உமது மாமி
நகுலேஸ்வரி சிவானந்தன்


வால்தம்ஸ்டோ,
31.07.2025

அன்புள்ள மாமிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. டென்மார்க்கில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழ் என்னுடையது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ. போனில் நான் பதில் சொல்லத் தொடங்கினால் அழுதுவிடுவேன். அதனால் கடிதம் எனக்கும் நல்லதுதான்.

பத்தியத் தூள் முடிகிறது. மீன் சரக்குக் கறியை உங்கள் மகனே வைத்துத் தருகிறார், நீங்கள் சொன்ன அளவில். உப்பு மட்டும் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி. அமாவாசைக்கு விரதம் பிடித்தவர்தான், நான் சாட்சி. பிள்ளைக்கு நிறை கூடியிருக்கிறது என்று ஹெல்த் விசிட்டர் சொன்னா. வயிற்றுக் குத்து வந்தால் நீங்கள் சொன்னபடி ஓம வோட்டர் கொடுக்கிறோம்.

மாமி, பெயர் ஜூலை 8ஆம் திகதியே பதிந்தாயிற்று. ஓல்பன். அது மிஸிஸ் ஹோல்டன் வைத்த பெயர். அவர்தான் வைக்க வேண்டும் என்று கேட்டது நான். அவர் எங்களை ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஒன்றும் கொடுக்கவில்லை. போத்தலில் இருப்பது சேர்ச் அப்பமும் இல்லை. இதற்கு மேல் இப்போது என்னைக் கேட்காதேங்கோ. பிள்ளைக்கு ஒரு வயது முடியட்டும், அன்றைக்கே எல்லாம் நானே வந்து சொல்கிறேன்.

நீங்கள் எப்போது வேண்டுமென்றாலும் வாங்கோ. தூக்குங்கோ, குளிப்பாட்டுங்கோ. ஒரேயொரு மன்றாட்டம். அவனைத் தூக்கி வைத்துக்கொண்டு "என்ர பேரன்" என்று மட்டும் சொல்லாதேங்கோ. மனதுக்குள்ளும் சொல்லாமல் இருந்தால் நல்லது.

கோபிக்காதேங்கோ மாமி.

அன்புடன்,
லக்‌ஷிகா


உ
சிவமயம்

ஸ்ட்ரெதம்,
09.08.2025, சனி

மருமகள் லக்‌ஷிகா அறிவது,

கடிதம் கிடைத்தது. ஆறு தரம் வாசித்தேன். ஏழாம் தரம் தயாளினிக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். "அக்கா, இதுக்குள்ளை ஏதோ இருக்கு" என்றாள். இருக்கிறது என்று எனக்கு முதல் தரமே தெரியும்.

ஒரு மனுசியைப் பார்த்து, உன் பேரனை உன் பேரன் என்று சொல்லாதே என்று எழுத உமக்கு எப்படிக் கை வந்தது?

நீர் சொல்லாவிட்டால் நானே தேடிக்கொள்வேன். நான் பள்ளிக்கூடம் போனது ஐந்தாம் வகுப்பு மட்டும். இங்கிலிஷ், இங்கே வந்த பிறகு பிரியந்தனுடைய பள்ளிக்கொப்பிகளைப் பார்த்து, பக்கத்தில் டிக்‌ஷனரி வைத்துப் படித்தது. செவ்வாய்க்கிழமை இங்குள்ள லைப்ரரிக்குப் போய், அங்கே நிற்கிற ராஜி என்ற பிள்ளையிடம் கொம்பியூட்டர் திறந்து தரச் சொன்னேன். "ஆன்ரி, என்ன தேடுறீங்கள்?" "ஒரு பேர் தேடுறன் பிள்ளை." "பேபிக்கா? சோ ஸ்வீட்!" என்றாள். அவளுக்கு என்ன தெரியும்.

எந்தப் பெயர் எத்தனை பிள்ளைக்கு வைத்தார்கள் என்று வருடாவருடம் அரசாங்கம் கணக்குப் போடுகிறது. முஹம்மது, நோவா, ஒலிவர் எல்லாம் ஆயிரக்கணக்கில், எடுத்த எடுப்பிலே தெரிகிறது. ஓல்பனைத் தேடித் தள்ளித் தள்ளி என் விரல் உளைந்தது. மூன்று பிள்ளைக்குக் குறைந்த பெயரைப் பட்டியலில் போடவே மாட்டார்களாம். அந்தக் குறை ஒன்றுதான் இல்லை; அடியில் எங்கேயோ கிடந்தது. வெள்ளைக்காரரே மறந்துபோன பெயர்.

இதில் எனக்கு ஒன்று விளங்குகிறது. ஒலிவர் என்று வைத்தால் ஊரோடு ஒத்துப் போகிறார்கள் என்று விடலாம். ஊரே வைக்காத பெயரை ஒரு பிள்ளைக்கு வைத்தால், அதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு ஆள் இருக்க வேண்டும்.

பொருளும் பார்த்தேன். லத்தீன் மொழியாம். அல்பா என்ற ஊர்க்காரன் என்கிறார்கள், வெள்ளை என்றும் சொல்கிறார்கள். பிள்ளை என்னைப் போல நல்ல கறுப்பு, பெயர் வெள்ளை! இதைச் சொன்னதற்கு ராஜி சிரித்தாள். இந்த நாட்டில் முதன்முதலில் வேதத்துக்காகத் தலை கொடுத்த ஆளின் பெயராம். வேதத்துக்கு மாற்றவில்லை என்று எழுதினீரே! உரோமர் காலத்தில், தேடப்பட்ட ஒரு பாதிரியாரைத் தன் வீட்டில் ஒளித்து வைத்தாராம். பிடிக்க வந்தபோது அந்தப் பாதிரியாரின் மேலங்கியைத் தான் போட்டுக்கொண்டு, நான்தான் அவர் என்று போனாராம். வந்த ஆட்களும் ஏமாந்து இவரைக் கொண்டுபோனார்களாம்.

நல்ல மனுசன்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உடுப்பு மாற்றி, ஆள் மாற்றி, தேடி வந்தவனை ஏமாற்றின பெயர் அது. அதை ஏன் ஒரு பச்சைக் குழந்தைக்குப் போட்டீர்கள்? இந்த வீட்டில் ஆர் ஆரை ஏமாற்றுகிறீர்கள்?

சொல்கிறேன், கேளும். வியாழக்கிழமை பிரிக்ஸ்டனில் ரயில் ஏறிக் கடைசி ஸ்டேஷனில் இறங்கி, உங்கள் தெருவுக்கு எதிரே பஸ் தரிப்பில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒளித்து நின்றேன் என்றே வைத்துக்கொள்ளும். பத்தே முக்காலுக்கு நீங்கள் வெளியே வந்தீர்கள். தள்ளுவண்டியைத் தள்ளினது அந்த மிஸிஸ் ஹோல்டன். நீர் மூன்றடி பின்னால், பிள்ளை பார்க்கிற பெட்டை மாதிரிப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தீர். தெருமுனைச் சேர்ச்சுக்குள் போனீர்கள். ஐம்பது நிமிடம். வெளியே வந்தபோது ஒரு கிழவர் வண்டிக்குள் எட்டிப் பார்த்து ஏதோ கேட்டார். அந்த மனுசி தன் நெஞ்சில் கையை வைத்துக் காட்டினார். என்னுடையது என்பதை எந்தப் பாஷையிலும் அப்படித்தான் காட்டுவார்கள். நீர் பக்கத்தில் நின்று நிலத்தைப் பார்த்தீர்.

கேட்கக் கூடாத கேள்வி என்று தெரிந்துதான் கேட்கிறேன். பிள்ளையை அந்த மனுசிக்குத் தத்துக் கொடுத்துவிட்டீர்களா? கவுன்சிலில் கையெழுத்து வைத்துவிட்டீர்களா? இல்லை, ஓல்பன் என்று ஒருவன் எங்கேயும் இருக்கிறானா? அது என் மகனுடைய பிள்ளைதானா?

துடக்குக் கழிந்து மூன்று வெள்ளியாகக் கோயிலில் "லோகிதன், பரணி, என்ர மகன் பிரியந்தன்ரை பிள்ளை, என்ர பேரன்" என்று உரக்கச் சொல்லி அர்ச்சனை செய்விக்கிறேன். நீர் என்ன பெயர் பதிந்தாலும் பிள்ளையாருக்குத் தெரிந்த பெயர் அதுதான்.

ஒரு கிழமைக்குள் பதில் வராவிட்டால் டென்மார்க்கில் உம்முடைய அம்மாவுக்கு எல்லாவற்றையும் எழுதுவேன். அதற்குப் பிறகு உங்கள் வீட்டுப் படி மிதிக்க மாட்டேன். இந்தக் கடிதத்துக்கு ஒரு படி எடுத்து வைத்திருக்கிறேன்.

நகுலேஸ்வரி சிவானந்தன்


வால்தம்ஸ்டோ,
13.08.2025

அன்புள்ள மாமி,

இரண்டு நாள் உங்கள் கடிதத்தைக் குஷனுக்குக் கீழே வைத்திருந்தேன். அவருக்குக் காட்டவில்லை. காட்ட மாட்டேன்.

அர்ச்சனை என்று எழுதினீர்களே, அந்த இடத்தில்தான் எழும்பிப் போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டேன். நீங்கள் கேட்ட கேள்விக்கு இல்லை. அதனால் ஒரு வயதுவரை காத்திருக்காமல் இப்போதே சொல்கிறேன்.

முதற் பிள்ளை ஏழாம் மாதத்தில் தங்காமல் போனது உங்களுக்குத் தெரியும். இரண்டாவதும். உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. முதற் பிள்ளைக்கு உங்கள் பட்டியலில் இருந்து ஐந்தாம் மாதமே பெயர் பார்த்துவிட்டோம். மிதுலன். நான் வயிற்றைத் தடவிக்கொண்டு "மிதுலன்" என்று கூப்பிடுவேன். அடுத்தது பெண் என்றார்கள். அதற்கும் உங்கள் பட்டியலில் இருந்துதான், சுவர்ணா. பெயர் சொல்லிக் கூப்பிட்ட இரண்டு பேரும் போய்விட்டார்கள். மூன்றாவது முறை உங்கள் பட்டியல் வந்தபோது நான் உறையை உடைக்கவே இல்லை மாமி. கிடைத்தது என்று மட்டும் பதில் போட்டேன்.

இந்த முறை ஆறாம் மாதத்தில் ஒரு நாள் இவர் பகிடியாக, "அம்மா என்னைத் தவிட்டுக்கு வித்தவ" என்றார். டென்மார்க்கிலும் எங்களை வெருட்டுவார்கள், "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினனாங்கள்" என்று. எல்லா வீட்டிலும் வாங்கினதுதான். நீங்கள் மட்டும் ஏன் விற்றது என்று சொல்லியிருக்கிறீர்கள்? எனக்கு அது மனதில் குத்தியது. அம்மாவைக் கேட்டேன். அம்மா முதலில் சொல்லப் பயந்தா. பிறகு சொன்னா. பிள்ளை தங்காத வீட்டில், பிறந்ததும் இன்னொருத்தியிடம் ஒரு கைப்பிடித் தவிட்டுக்கு விற்றுவிடுவார்களாம். வாங்கினவ பெயர் வைப்பாவாம். எடுக்க வருகிறவன் இந்த வீட்டுப் பிள்ளையைத் தேடி வந்தால், இந்த வீட்டில் பிள்ளை இல்லை. அது வேறு ஆருடையதோ. பெற்றவர்களோ அப்பம்மா அம்மம்மா முறைக்காரரோ "என்ர" என்று சொன்னால் விற்பனை செல்லாதாம். வருடம் முடியத் திருப்பி வாங்கலாமாம்.

ஆஸ்பத்திரியில் இருந்து வந்த அன்று, ஜூன் 24, படிக்கட்டிலேயே மிஸிஸ் ஹோல்டனின் கதவைத் தட்டினேன். "உங்களுக்கு இந்தப் பிள்ளையை விற்கிறேன், வாங்குவீர்களா?" என்று கேட்டேன். பாவம், பயந்துவிட்டார். "கவுன்சில்காரர் வந்து கேட்டால் நான் என்னம்மா சொல்வது?" என்றார். உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன், முதல் இரண்டையும். அவர் சிரிக்கவில்லை. எழும்பிப் போய்க் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு வந்தார். ஒரு பிள்ளையை வாங்குவதற்கு வீட்டு உடுப்போடு நிற்கக் கூடாதாம்.

லண்டனில் தவிட்டுக்கு நான் எங்கே போவேன்? ஆனால் அவர் காலையில் பாலில் போட்டுச் சாப்பிடுகிற பெட்டியில் அதுதான் இருக்கிறது, கோதுமைத் தவிடு. ஒரு கைப்பிடி அள்ளினார். "இவ்வளவு நல்ல பிள்ளைக்கு இது காணாது" என்று இன்னொரு கைப்பிடி போட்டார். நீங்கள் கண்ட போத்தலில் இருப்பது அதுதான்.

பெயருக்கு மட்டும் ஒரு நாள் தவணை கேட்டார். நாங்கள் நட்சத்திரம் பார்க்கிற மாதிரி, சுவரில் தொங்குகிற சேர்ச் கலண்டரில் ஜூன் 22ஐப் பார்த்தார். அது ஓல்பனுடைய நாள். மேலங்கிக் கதையை எனக்குச் சொன்னார். "தேடி வந்தவர்களுக்கு ஆள் மாறிப்போய்விட்டது" என்று அவர் சொன்ன இடத்தில் நான் அழுதுவிட்டேன். பரணிக்கு அதிதேவதை ஆர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் ஏமாற்றுகிறது அவனை மட்டும்தான் மாமி. வேறு ஒருவரையும் இல்லை.

வியாழக்கிழமை சேர்ச்சில் முதியவர்களுக்குத் தேத்தண்ணி கொடுப்பார்கள். அவர் தன் சிநேகிதர்களுக்குப் பிள்ளையைக் காட்ட ஆசைப்பட்டார். அவருடைய பிள்ளை, காட்டட்டும் என்று போனேன். நீங்கள் எதிரே நின்றது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டிருப்பேன்.

பிள்ளை உங்கள் மகனுடையதுதான். இதை நான் எழுதக் கூடாது, எழுதிவிட்டேன். இப்போது நீங்கள்தான் சொல்ல வேண்டும், மூன்று வெள்ளி நீங்கள் உரக்கச் சொன்னதும் நான் இன்றைக்கு எழுதினதும் சேர்ந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டதா? எனக்கு வேறு ஆரையும் கேட்கத் தெரியவில்லை. இரவில் அவன் மூச்சு விடுகிறானா என்று விரலை வைத்துப் பார்க்கிறேன்.

லக்‌ஷிகா


உ
சிவமயம்

ஸ்ட்ரெதம்,
16.08.2025, சனி

அன்புள்ள பிள்ளை லக்‌ஷிகாவுக்கு,

உன் கடிதம் நேற்றுக் காலை வந்தது. வாசித்துவிட்டுக் குசினிக் கதிரையில் இருந்தேன். அடுப்பில் அரிசி அடிப்பிடித்து மணந்த பிறகுதான் எழும்பினேன்.

முதலில் உன் பயத்துக்குப் பதில். ஒன்றும் கெட்டுப்போகவில்லை. கோயிலில் நான் சொன்னது லோகிதன் என்று ஒரு பிள்ளையின் பெயர். அப்படி ஒரு பிள்ளை இந்த உலகத்தில் இல்லை. தேடி வந்தாலும் அவனுக்கு ஆள் அகப்படாது. நீ எழுதின அந்த வரியைக் கத்தரிக்கோலால் வெட்டி, கோயில் வாசலில் கற்பூரத்தோடு எரித்துவிட்டேன். மிச்சக் கடிதம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

நேற்று வெள்ளிக்கிழமை, பரணி. அர்ச்சனைக்குப் போனேன். கோயில் ஐயருக்கு இப்போது பெயர் மனப்பாடம். "லோகிதன், பரணி, உங்கடை பேரன். அதுதானே அம்மா?" என்றார்.

"இல்லை ஐயா. ஓல்பன். பரணி. எனக்குத் தெரிஞ்ச ஒரு வெள்ளைக்கார அம்மாவின்ரை பிள்ளை" என்றேன்.

"வெள்ளைக்காரப் பிள்ளைக்கு நட்சத்திரம் ஆர் பாத்தது?"

"நான்தான் பாத்தனான்."

"அப்ப பேரன்?"

"எனக்குப் பேரன் இல்லை ஐயா" என்றேன். பின்னால் நின்ற மனுசி என்னைப் பாவம் பார்த்து ஒரு பூ எடுத்துத் தந்தா. வாங்கி வைத்துக்கொண்டேன்.

மிதுலன், சுவர்ணா என்று நீ எழுதின இரண்டு பெயரையும் என் கொப்பியில் எழுதினேன். பட்டியல் தந்தவள் நான், கூப்பிட்டதை அறியாதவளும் நான்தான். அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் மேலே எழுத எனக்கு ஏலாது.

இனி நீ அறியாததைக் கேள். பிரியந்தனுக்கு முன்னம் எனக்கும் இரண்டு. ஒன்று பதினொரு நாள் இருந்தது, மற்றது இரண்டு நாள். 91இல் இவன் பிறந்தபோது, என் மாமியார் சொல்லி, சந்தையில் கீரை விற்கிற கல்யாணி என்ற மனுசியிடம் ஒரு சுளகு தவிட்டுக்கு விற்றேன். பிரியந்தன் அவள் வைத்த பெயர். அவளுக்கு ஆர் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது, நல்ல பெயராக வைத்தாள். ஐந்து வயதில் ஏடு தொடக்கும்போது திருப்பித் தருவதாகப் பேச்சு. இவனுக்கு நாலு வயதில், 95இல், சண்டைக்குப் பயந்து ஊரே ஒரு இரவில் எழும்பி நடந்தது. சனத்துக்குள் கல்யாணி எங்கே போனாள் என்று தெரியவில்லை. பிறகு எத்தனை பேரைக் கேட்டேன். வன்னிப் பக்கம் என்றார்கள், இல்லை என்றார்கள்.

நான் அவனைத் திருப்பி வாங்கவில்லை, பிள்ளை. இன்று வரைக்கும் இல்லை. ஒருவருக்கும் சொல்லவில்லை, அவன் தகப்பனைத் தவிர. பகிடி மாதிரி பிரியந்தனுக்கு, விற்றது வரைக்கும் சொன்னேன், மிச்சம் சொல்ல வாய் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு ரீச்சர் அவனைத் தட்டிக்கொடுத்தாலும், ஆரும் வீட்டுக் கதவைத் தட்டினாலும், இதோ கேட்டு வந்துவிட்டார்கள் என்றுதான் எனக்கு முதல் நினைப்பு வரும். ஆட்களை எண்ணி எழுதுகிற பழக்கமும் அப்போது தொடங்கினதுதான். முப்பது வருடம் கல்யாணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணி வரவில்லை. நீ வந்தாய்.

ஒன்பதாம் திகதிக் கடிதத்தில் நான் கேட்ட கேள்விக்கு என்னை மன்னித்துக்கொள். அதன் படியை நான் கிழிக்கவில்லை. கிழித்தால் நான் அப்படிக் கேட்கவில்லை என்று ஆகிவிடும்.

இப்போது முக்கியமான விஷயம். மிஸிஸ் ஹோல்டனுக்கு என்ன வயது? நான் பார்த்த அளவில் எண்பதுக்கு மேலே. நடை நல்ல நடைதான், ஆனால் இடது காலைக் கொஞ்சம் இழுக்கிறார். அவர் நூறு வயது இருக்க வேண்டும், நேற்று அவருக்கும் சேர்த்துத்தான் கும்பிட்டேன், நட்சத்திரம் தெரியாததால் பெயரை மட்டும் சொன்னேன். என்றாலும் நாள் தள்ளாதே. வரும் ஜூன் 22க்கு, விடிய நாலு பத்துக்குப் பிறகு முதல் வேலையாகத் திருப்பி வாங்கு. போத்தலில் உள்ள தவிட்டில் ஒரு செதில்கூடக் குறையக் கூடாது, பூச்சி வராமல் ஒரு வேப்பங்காம்பு போட்டு வை. வாங்கின அதே தவிட்டைத்தான் கொடுக்க வேண்டும். சாட்சிக்கு ஒரு ஆள் நின்றால் நல்லது. நான் நிற்கிறேன்.

பதிந்த பெயரைப் பன்னிரண்டு மாதத்துக்குள் மாற்றலாம் என்று லைப்ரரியில் கண்டுபிடித்து, உன்னிடம் சண்டை பிடிக்க என்று எழுதி வைத்திருந்தேன். அதை இப்போது வேறு விதமாகச் சொல்கிறேன். மாற்றாதே. வாங்கினவள் வைத்த பெயர் உயிரோடு ஒட்டின பெயர். என் வீட்டில் ஒருவன் முப்பத்து நாலு வருடமாக அதோடுதான் திரிகிறான். உப்பு அளவு மட்டும் தெரியவில்லை.

இரண்டு போத்தல் பத்தியத் தூளும், மிஸிஸ் ஹோல்டனுக்கு உறைப்பில்லாத பயற்றம் பணியாரமும் செய்து வைத்திருக்கிறேன். இந்த முறை பஸ் தரிப்பில் நிற்க மாட்டேன். அவருடைய கதவைத்தான் முதலில் தட்டுவேன். ஆர் என்று கேட்டால், மேல்வீட்டுப் பிள்ளைக்குத் தெரிந்த மனுசி என்று நீ முன்கூட்டியே சொல்லி வை.

மிஸிஸ் ஹோல்டனிடம் கேட்டு, அவருடைய பிள்ளையை ஒரு தரம் பார்க்க நான் வரலாமா, வரலாமென்றால் என்ன கிழமை, எத்தனை மணிக்கு என்று, சுணங்காமல் பதில் எழுது.

இப்படிக்கு,
உன் மாமி
(பிள்ளைக்கு ஒரு முறையும் இல்லாத)
நகுலேஸ்வரி